ஈறு நிறக் குதிரை

முதலில் ஆடியது கத்தி என்றுதான் நினைத்தேன். கை என்று நினைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

தி. நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் இருந்த டென்டல் லேபில் எனக்கு வேலை. பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயை அச்செடுத்து அங்கே அனுப்புவார்கள். அந்த அச்சின் மேல் மெழுகில் பல் செட்டைச் செதுக்கி, பிறகு அக்ரிலிக்கில் வார்த்துக் கொடுப்போம். ஊரில் எத்தனையோ பேர் நான் செய்த பல்லால் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது; என்னையும் அவர்களுக்குத் தெரியாது. அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

இந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒன்றைச் சொல்லித்தருவார்கள். கத்தியைப் பிடிப்பது மூன்று விரல். மோதிர விரலும் சுண்டு விரலும் செதுக்கும் பொருளின் மேலேயே ஊன்றியிருக்க வேண்டும். ஊன்றாமல் செதுக்குகிறவன் எங்கள் கணக்கில் மனிதனே இல்லை. பதினாறு வருஷம் ஊன்றியதில் என் சுண்டு விரலின் பக்கவாட்டில் தோல் காய்த்துப்போயிருந்தது.

அன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பித்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்குவதற்காகக் கத்தியை ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கி, மெழுகுக்கு நேராகக் கொண்டுபோனேன். முனை இடமும் வலமுமாக அசைந்தது. கொசுவின் கால் அளவுதான். ஆனாலும் அசைந்தது. கத்தியைத் துடைத்தேன். விரலை ஊன்றிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். ஆடவில்லை. வெயில், தூக்கம் சரியில்லை, காலையில் சரியாகச் சாப்பிடவில்லை என்று மூன்று காரணம் சொல்லிக்கொண்டேன். ஒரு காரணம் போதும் என்றால் மூன்று எதற்கு?

என் அப்பாவுக்குக் கை நடுங்கும். அவர் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர். முப்பது வருஷம் மற்றவர்களுடைய கையெழுத்தை மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த மனுஷர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது அவருடைய கையெழுத்தே அவருடைய அட்டையோடு ஒத்துப்போகவில்லை. கூட வேலை பார்த்த பையன் தயங்கித் தயங்கி, "சார், இன்னொரு தடவை போட்டுடுங்களேன்" என்றானாம். ஐந்து முறை போட்டார். ஐந்தும் ஐந்து ஆள் போட்டது போல் இருந்ததாம். அதற்குப் பிறகு அவர் உட்காரும்போது வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஊரெல்லாம் அவரிடம் நன்றாகத்தான் பழகியது. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அவர் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினார், இலையில் சாப்பிட வேண்டியிருக்கும் என்று.

எங்கள் வீட்டில் காபி தம்ளரின் விளிம்பு வரை வர வேண்டும். மேலே நுரை நிற்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால் வந்தவரைப் போகச் சொல்வதாக அர்த்தம். அம்மா இருந்தவரை அப்பாவுக்கும் அப்படித்தான் கொடுத்தாள். அவர் தூக்குவார், பாதி டபராவிலும் மீதி வேஷ்டியிலும் போகும், அம்மா கத்துவாள். அம்மாவுக்குக் காபியும் தாராளம், வாயும் தாராளம். அவள் போன பிறகு அப்பாவின் காபி என் மனைவியின் பொறுப்புக்கு வந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. தம்ளரில் இரண்டு விரல் அளவு குறைத்து விட்டாள். அப்பா குடித்து முடித்ததும், "இன்னும் கொஞ்சம் இருக்கு, விடட்டுமா?" என்று கேட்டு மீதியை விடுவாள். அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். "மாட்டுப்பொண் வந்தப்பறம் சிந்தறதே இல்லை பாத்தியா? கை தேவலையாயிண்டு வரது" என்று என்னிடம் சொல்வார். நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். அப்பா கடைசி வரை அதை நம்பினார்.

அதனால் எனக்கும் முதல் பரீட்சை காபிதான். மறுநாள் காலை தம்ளரைத் தூக்கினேன், கண்ணைக் கீழே டபராவிலேயே வைத்துக்கொண்டு. வாய்வரை வந்தது. டபராவில் ஒரு சொட்டுகூட விழவில்லை. அப்பாவை வீட்டில் காட்டிக்கொடுத்தது காபிதானே, எனக்குச் சிந்தவில்லை, ஆகவே இது அதில்லை. இந்த முடிவோடு லேபுக்குப் போனேன். பதினொரு மணிக்குக் கத்தி மறுபடி ஆடியது.

பயம் வந்துவிட்டால் மனசு விளக்கம் கேட்பதில்லை, நிரூபணம் கேட்கிறது. கை நடுங்குகிறவனால் செய்யவே முடியாத ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் நவராத்திரிக்குக் கொலு உண்டு. ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஒரு பொம்மையாவது படியில் ஏற வேண்டும் என்பது வழக்கம். இந்த வருஷப் பொம்மையை நானே செய்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

"பல்லு கட்டறவர் பொம்மை கட்டப் போறேளாக்கும். என்ன பொம்மை? சிரிச்சுண்டே இருக்குமா?"

"குதிரை. மேல ஒரு ஆள். நிஜக் குதிரை மாதிரி."

"பிள்ளையார் பண்ணுங்கோளேன். தப்பா வந்தாலும் மன்னிச்சுடுவார்."

அதற்காகத்தான் பிள்ளையார் வேண்டாம் என்றேன். யானையும் வேண்டாம், தடியான கால், யார் வேண்டுமானாலும் செய்யலாம். குதிரைக்கு நான்கு கால்களும் குச்சி. அதன் மேல் ஒரு மனிதன், அவன் கையில் லகான், அந்த லகானைச் சுற்றி விரல்கள். மொத்தக் குதிரையே என் உள்ளங்கையில் நிற்க வேண்டும் என்றால் அந்த விரல் அரிசிக் குருணை அளவு வரும். அதைத்தான் செய்ய வேண்டும். இந்தக் காரணத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

முதல் குதிரையை மெழுகில் செய்தேன். பல் செட்டுக்குக் கொக்கி வளைக்கிற எஃகுக் கம்பியில் எலும்புக்கூடு. அதன் மேல் மெழுகுத் தகடுகளைச் சூடாக்கி ஒட்டி, வயிறு, கழுத்து, தொடை. ஒரு ஞாயிறு காலை முழுக்க உட்கார்ந்து, ஜன்னல் பக்கத்து அலமாரியில் அதை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வெயிலில் முன்னங்கால்கள் மடங்கி, கம்பியை விட்டு மெழுகு வழிந்து, குதிரை மண்டி போட்டிருந்தது. மே மாதச் சென்னையில் மெழுகை ஜன்னலில் வைத்தவனைத் திட்ட வேண்டும், அவ்வளவுதான். நானோ சகுனம் பார்த்தேன். கால் மடங்கிய அந்தக் குதிரையைத் தொடக்கூடப் பயந்து, காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

இரண்டாவதை அக்ரிலிக்கில் ஆரம்பித்தேன். பொடியும் திரவமுமாகக் கலந்து, தூரிகையால் கம்பியின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இறுகிய பிறகு லேபில் பல்லைத் தேய்க்கும் சின்னச் சக்கரத்தால் தேய்ப்பது. இது உருகாது. ஆனால் எங்கள் லேபில் இருந்த பொடி ஒரே நிறம்தான், ஈறு நிறம். ஆடி பிறப்பதற்குள் என் மேஜையில் தலையும் உடம்புமாக ஒரு ரோஜா நிறக் குதிரை உருவானது.

"இது குதிரையா, யார் வாயிலேர்ந்தாவது விழுந்ததா?" என்றாள் மனைவி.

நான் சிரித்தேன். ஆனால் குதிரை குதிரையாக இல்லை என்பதும் தெரிந்தது. ஏதோ ஒரு மேஜைக்குக் கழுத்து முளைத்தது போல் இருந்தது. நிஜக் குதிரையை நின்று பார்க்காமல் முடியாது. அதனால் லேப் விட்டதும் மொபெட்டை அடையாறு தாண்டி பெசன்ட் நகர் கடற்கரைக்கு விட ஆரம்பித்தேன். மொபெட் ஓட்டுவது அந்த நாட்களில் எனக்குப் பெரிய ஆறுதல். வண்டியே நடுங்கும்போது கை நடுங்குவது யாருக்குத் தெரியும்?

கடற்கரையில் குழந்தைகளைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. அதில் ஒருவன் என்னைவிடப் பத்து வயது சின்னவன். பாலவாக்கத்தில் கொட்டகை, ஒரே ஒரு பழுப்புக் குதிரை, பெண். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, சேணம்கூட இல்லாமல், அதன் மேல் நாற்காலியில் உட்கார்வது போல் உட்கார்ந்திருப்பான். நான் மணலில் உட்கார்ந்து குதிரையின் கால்களை வரைந்துகொள்வேன். நான்காம் நாள் அவனே வந்தான்.

"இன்னா சார், நாலு நாளா காலையே பாத்துக்கினு கீற? ஏறணுமா, இல்ல வாங்கப் போறியா?"

பையிலிருந்து ஈறு நிறக் குதிரையை எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை, அதற்கு இன்றும் நன்றி.

"தலை கரீட்டு சார். பின்னாங்காலு தப்பு. இத்த முட்டின்னு நெனச்சிக்கினியா?" பின்னங்காலின் நடுவில் நான் வளைத்த இடத்தைத் தொட்டான். "இது குதிகாலு. முட்டி மேல, வயித்தாண்ட கீது. குதிர நிக்கிறதே நகத்துல சார். நம்ம மொனக்கால்ல எம்பி நிப்பமே, அந்த மாதிரி காலம் பூரா நிக்கும்."

குனிந்து பார்த்தேன். அவன் சொன்னது அப்படியே. ஒரு மிருகம் வாழ்நாள் முழுக்க நுனிக்காலில் நின்றுகொண்டு, அது யாருக்கும் தெரியாமல், சாதாரணமாக இருப்பது போல் இருக்கிறது. எனக்கு அந்தக் குதிரையின் மேல் திடீரென்று பாசம் வந்தது.

"தொட்டுப் பாரு சார், ஒண்ணும் பண்ணாது" என்றவன், "ஒரு நிமிசம் இத்தப் புடி, டீ சொல்ட்டு வரேன்" என்று லகானை என் கையில் திணித்துவிட்டுப் போனான்.

கையை எதிலும் ஊன்றாமல், அந்தரத்தில் லகானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குதிரை முதலில் சும்மா இருந்தது. பிறகு காதுகளைப் பின்னால் மடித்தது. தலையை ஒரு உதறு உதறியது. பக்கவாட்டில் இரண்டு அடி நகர்ந்து, வெள்ளை விழி தெரிய என்னைப் பார்த்தது. நான் பிடியை இறுக்கினேன். அது இன்னும் அதிகமாக உதறியது. அவன் ஓடி வந்தான்.

"கைய ஆட்டாத சார். அது வாயில இரும்பு கீது. நீ இங்க ஆட்டினா அங்க தெரியும்."

"நான் ஆட்டலைப்பா."

"ஆடுது சார். தோ பாரு."

பார்த்தேன். எனக்கும் குதிரைக்கும் நடுவில் தொங்கிய தோல் வார் சன்னமாகத் துடித்துக்கொண்டிருந்தது. காற்று இல்லை. அந்த மாலையில் கடற்கரை முழுக்க ஆட்கள், பலூன், சோளம், வேளாங்கண்ணி மாதா கோயில் மணி எல்லாம் இருந்தன. எனக்கு அந்த வார் மட்டும்தான் தெரிந்தது.

"பயமா சார்?"

"ஆமாம்ப்பா. பயம்தான்."

"மொத தபா அல்லாருக்கும் அப்டித்தான்" என்று லகானை வாங்கிக்கொண்டான். குதிரை உடனே காதை நிமிர்த்தியது. கோழை என்று ஒருவன் என்னை நினைத்ததற்கு வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான் சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் இரண்டு பயம் என்னோடேயே இருந்தது. வேலை போய்விடும் என்பது ஒரு பயம். அது பகல் பயம், அதோடு எப்படியாவது பேசிப் பார்க்கலாம். இன்னொன்று, தொடைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன் என்பது. ஒருநாள் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது நிஜமாகவே அப்படி உட்கார்ந்திருந்தேன். எப்போது கை அங்கே போனது என்று தெரியவில்லை. வெடுக்கென்று எடுத்தேன். அப்பாவை உதறிவிட்டது போல் இருந்தது. உடனே அழுகை வந்தது. மனைவி சமையலறையில் இருந்தாள். அவள் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

ராயப்பேட்டையில் ஒரு நரம்பு டாக்டரிடம் போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர் பெஞ்சில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ள முயன்றார். கண்ணாடியின் கம்பி அவர் காதைச் சுற்றி வட்டமடித்ததே தவிர, காதில் ஏறவில்லை. அவர் மகள் எழுந்து மாட்டிவிட்டாள். என் எண்ணைக் கூப்பிடுவதற்குள் நான் படியிறங்கிவிட்டேன்.

வீட்டில் மட்டும் எல்லாம் சரியாக இருந்தது. காலைக் காபி ஒருநாள்கூடச் சிந்தவில்லை. அதையே பிடித்துக்கொண்டு நாளை ஓட்டினேன். டிகாக்ஷன் அந்த வருஷம் நன்றாக இறங்கியது போலும். குடித்து முடித்ததும் மனைவி ஃபில்டரைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்பாள். நான் தம்ளரை நீட்டுவேன்.

குதிரையின் பின்னங்கால்களை அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகச் செய்தேன். தலையின் நீளத்தை நூலில் அளந்து, உடம்புக்கு இரண்டரைத் தலை, குளம்பிலிருந்து முதுகு வரை மறுபடி இரண்டரைத் தலை என்று கணக்குப் பார்த்தேன். விலா எலும்பு தோலுக்கு அடியில் தெரிந்தும் தெரியாமலும் ஓடுவது, கழுத்து நரம்பு, இடது காதில் அந்தக் குதிரைக்கு இருந்த வெட்டு, ஒவ்வொன்றாக வந்தது. மேலே உட்காருகிறவன் ராஜாவும் இல்லை, சாமியும் இல்லை. சுருட்டிய பேன்ட்டோடு அந்தக் குதிரைக்காரனேதான். கொலுப்படியில் பேன்ட் போட்ட ஆளா என்று மனைவி முகம் சுளித்தாள். கீழ்ப்படியில் பூங்காவும் பஸ்ஸும் வைக்கிறோமே, அங்கே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளே சமாதானமும் ஆனாள்.

கைகளைக் கடைசிவரை தள்ளிப்போட்டேன். முகத்தை முடித்தேன், சட்டை மடிப்பை முடித்தேன், கால் கட்டைவிரல் நகத்தைக்கூடச் செய்தேன். மணிக்கட்டோடு இரண்டு மொட்டைக் கைகள் மிஞ்சின. மஹாளய அமாவாசைக்கு முந்தின ஞாயிறு காலை, வேறு வழியில்லாமல் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இருப்பதிலேயே மெல்லிய ஊசி போன்ற சக்கரம். சுண்டு விரலைக் குதிரையின் முதுகில் ஊன்றினேன். முதல் கோடு நேராக விழுந்தது. இரண்டாவதும். நான்கு விரல், ஒரு கட்டைவிரல், மறுபடி நான்கு, ஒன்று. மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. செப்புக் கம்பியை முடி அளவுக்கு இழைத்து, விரல்களுக்கு நடுவில் கோத்து, குதிரையின் வாயோரம் ஒட்டினேன். லகான் இழுத்துக் கட்டியது போல் அசையாமல் நின்றது.

எழுந்து நின்று கத்தினேன். சொல் ஒன்றும் இல்லை, வெறும் கத்தல். மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். பூதக்கண்ணாடியை அவளிடம் கொடுத்தேன். "விரலைப் பாரு. ஒவ்வொண்ணும் தனித்தனியா இருக்கா? சொல்லு!" அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இருக்கு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. பொம்மை அவ்வளவு அழகாக வந்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கை நடுங்குகிறவன் இதைச் செய்ய முடியுமா? முடியாது. அன்று மத்தியானம் பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஈறு நிறத்தின் மேல் பழுப்பு வண்ணம் பூசி, கொலுவின் கீழ்ப்படியில் குதிரையை வைத்தோம். மெட்ராஸ் என்ற பெயர் போய்ச் சென்னை வந்துவிட்டதைப் பற்றித்தான் கொலுவுக்கு வந்தவர்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே குனிந்து, "இது எந்தக் கடையில வாங்கினேள்?" என்று கேட்பார்கள். நான் அந்தப் பக்கம் ஏதோ வேலை இருப்பது போல் நிற்பேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் குதிரைக்காரன் வந்தான். நான்தான் கடற்கரைக்குப் போய்க் கூப்பிட்டிருந்தேன். தன்னைத் தானே பார்க்க வேண்டாமா? துவைத்த சட்டை, படிய வாரிய தலை. படிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குதிரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தான்.

"நானே கீறேன் சார்" என்றான் கடைசியில். "காதாண்ட வெட்டுகூட வச்சிக்கிற. குதிகாலு கரீட்டு."

மனைவி இரண்டு டபரா தம்ளரில் காபி கொண்டுவந்து எங்களுக்கு நடுவில் இருந்த ஸ்டூலில் வைத்தாள். அவன் இன்னும் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கறேன் சார். அன்னிக்கு நெஜ லகானைப் புடிக்கச் சொல்ல உன் கையி அந்த ஆட்டம் ஆடிச்சி. குதிரையே மெரண்டுச்சி. அந்தக் கையிலயா இம்மாத்தூண்டு லகானு பண்ண?"

அவன் பாராட்டாகத்தான் சொன்னான். ஐந்து மாதம் ஈ எறும்புக்குக்கூடத் தெரியாமல் காப்பாற்றியதை ஒருவன் கொலுவுக்கு முன்னால் போட்டு உடைத்துவிட்டான். மனைவியைப் பார்த்தேன். என்ன கை, என்ன ஆட்டம் என்று அவள் கேட்க வேண்டும். எந்த மனைவியும் கேட்பாள். இவள் கேட்கவில்லை. திடுக்கிடக்கூட இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "காபி ஆறிடும், எடுத்துக்கோங்கோ" என்றாள்.

அப்போதுதான் ஸ்டூலைப் பார்த்தேன். இரண்டு தம்ளர், பக்கத்தில் பக்கத்தில். அவனுடையதில் நுரை விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. என்னுடையதில் இரண்டு விரல் குறைவு.

அவன் காபியைக் குடித்துவிட்டு, சுண்டலை வாங்கிக்கொண்டு, குதிரைக்கும் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். வாசல்வரை போய் வழியனுப்பினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. சுண்டு விரல் மட்டும் நினைவிருக்கிறது. குதிரையைச் செய்த அத்தனை நாளும் அதைக் குதிரையின் மேலேயே ஊன்றியிருந்தேன். ஊன்றிய கை ஆடாது என்பது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நான் எனக்கு வைத்துக்கொண்டது பரீட்சையே இல்லை. காபியும் பரீட்சை இல்லை. நிஜமான பரீட்சையை ஒரு குதிரை வைத்தது, அதில் நான் தோற்றேன்.

உள்ளே வந்து உட்கார்ந்து என் காபியைக் குடித்தேன். சிந்தவில்லை. அவள் வழக்கம்போல், "இன்னும் கொஞ்சம் இருக்கு, விடட்டுமா?" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"விடு. விளிம்பு வரைக்கும் விடு" என்றேன்.

அவள் நின்றாள். பிறகு போய்ப் பாலைச் சூடாக்கிக் கலந்து, ஆற்றி, கொண்டுவந்து என் கண்ணெதிரே விட்டாள். நுரை விளிம்பைத் தொட்டது. நான் முழங்கையை எதிலும் வைக்காமல் தூக்கினேன். பாதி வழியில் காபி விளிம்பைத் தாண்டியது. விரல் வழியாக டபராவில், பிறகு வேஷ்டியில். சுட்டது. கீழே வைக்கவில்லை. அவளும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"போன கார்த்திகையிலேர்ந்து. விளக்குக்கெல்லாம் எண்ணெய் விட்டேளே. அத்தனை அகலைச் சுத்தியும் சிந்தியிருந்தது. நீங்க உள்ள போனப்பறம் துடைச்சேன்."

கார்த்திகை. நான் கண்டுபிடித்தது சித்திரையில். எனக்கே தெரியாத ஒன்றுக்காக அவள் ஐந்து மாதம் தனியாகப் பயந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்த பிறகும், நான் மறைக்கிறேன் என்பதற்காகத் தானும் மறைத்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே பயத்தை, இரண்டு பேர் இரண்டு அறையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அப்பா கடைசிவரைக்கும் நிம்மதியா இருந்தாரா இல்லையா?" என்றாள். கொலுவைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னாள். "நீங்க குதிரை பண்றேன்னு உக்காந்தப்பவே எதுக்குன்னு தெரியும். லகானைப் பண்ணிட்டு அன்னிக்குக் கத்தினேளே, நானும் நம்பிட்டேன். எல்லாம் சரியாயிடுத்துன்னு நெனச்சேன். மறுநாள் கார்த்தால முழுசா விட்டுடலாம்னுதான் தம்ளரை எடுத்தேன். ரெண்டு விரல் இருக்கறச்சேயே கை நின்னுடுத்து. அதுக்கு மேல விட பயமா இருந்தது."

புடவைத் தலைப்பால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள், சற்று முன் அவன் குதிரையைப் பார்த்தது போல். நாளைக்கு ஒரு நரம்பு டாக்டரிடம் போகலாம், நானும் வருகிறேன் என்றாள். சரி என்றேன்.

மறுநாள் காலை காபி விளிம்பு வரை வந்தது. பக்கத்தில் ஒரு துண்டும் இருந்தது.